கூப்பிடாத பெயர்

போன தடவை கோர்ட்டு ஊழியர் அவள் பெயரை வராந்தாவே அதிரும்படி கூப்பிட்டார். அத்தனை தலையும் திரும்பியது. வேலை பார்த்த இடத்து மேலாளர் தன்னைப் பலாத்காரம் செய்ததைச் சாட்சி சொல்ல வந்தவள், சொல்லாமலே வீடு திரும்பினாள். இன்றும் அப்படியே திரும்பிப் போய்விட்டால் வழக்கு அவ்வளவுதான்.

"இந்த மாதிரி வழக்குல பேரைக் கூப்பிடக் கூடாதுன்னு புது நீதிபதி உத்தரவு போட்டிருக்காங்க," என்றாள் அக்கா.

"அந்த மனுஷன் தொண்டை உத்தரவு கேட்குமாக்கும்."

கதவு திறந்தது. ஊழியர் பழக்கதோஷத்தில் மூச்சை இழுத்தார். அவள் அக்காவின் கையை இறுக்கிப் பிடித்தாள். இழுத்த மூச்சை அப்படியே விட்டுவிட்டு, அவர் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"உள்ள வாங்கம்மா."

"உங்களுக்கு இவ்வளவு மெதுவாப் பேச வருமா?" என்றாள் அக்கா.

"வீட்ல இதுக்கு மேல சத்தம் போட விட மாட்டாங்க."

அவள் எழுந்து உள்ளே போனாள். வராந்தாவில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.