பதினொரு கார், பதினொரு வீடு

“வீடு இருக்கா?”

“ஓம், முதலாளி. இரிக்கு.”

“ஓட்டு வீடா, ஓலை வீடா?”

“ஓட்டு வீடு. வளவுக்குள்ள கிணறு. முப்பத்தாறு தென்ன.”

“அப்போ இங்க ஒரு கையெழுத்து. கார் உங்களுது.”

பேச்சு இவ்வளவுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் ஆண்டு, பங்குனி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை, ஆரையம்பதி மாட்டுவண்டிக்காரர் நல்லரத்தினம் மோட்டார்காரர் ஆனது இப்படித்தான்.

கார் விற்றவரை ஊரில் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. கொழும்பு முதலாளி என்றால் போதும். திருநெல்வேலியில் பிறந்து, கொழும்பில் கடை போட்டு, மட்டக்களப்புப் பட்டினத்தில் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்தவர். கொழும்புத் துரைமார் ஓட்டிக் களைத்த கார்களுக்குப் புதுச் சாயம் பூசி அங்கே வரிசையாக நிறுத்தியிருந்தார். கல்லடிப் பாலத்தடியில் அவர் ஒட்டிய நோட்டீஸ் இது: “பழைய மோட்டார் கார். யார் வந்தாலும் தவணைக்குக் கிடைக்கும். முன்பு பட்ட கடன் பற்றிக் கேட்கமாட்டோம்.”

மூன்று கடைகளில் கடன் வைத்திருந்த நல்லரத்தினத்துக்கு அந்தக் கடைசி வரிதான் பிடித்தது.

காரை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியவர் முதலாளியின் தரகர், காத்தான்குடி கச்சி முகம்மது. நல்லரத்தினத்துக்கு இன்னும் ஓட்டத் தெரியாது. பக்கத்தில் இருந்து கையை மட்டும் ஆட்டிக்கொண்டு வந்தார்.

மனைவி சீதேவிப்பிள்ளை காரை ஒரு சுற்று வந்தாள்.

“கூரை துணியா?”

“ஓம் புள்ள.”

“மழைக்கு?”

“மழைக்கும் அதுதான்.”

“இந்த ஓட்டை?”

“அது காத்து வர.”

“எவ்வளவு?”

“அறுநூறு. முதல்ல நூறு. மறுகா மாசம் முப்பது.”

“நூறு எங்கால வந்த?”

நல்லரத்தினம் காரின் விளக்கைத் துடைக்கத் தொடங்கினார். கேட்டவளுக்கே விடை தெரியும். முதல்நாள் அவள்தான் தன் அட்டியலைக் கழற்றிக் கொடுத்து ஈட்டுக்கடைக்கு அனுப்பினாள். அது மகள் கண்ணகைக்கென்று வைத்திருந்த அட்டியல். அடுத்த வைகாசியில் கண்ணகைக்குக் கல்யாணம்.

“திரும்பவும் சொல்லுறன், கேளுங்க,” என்றாள். “வைகாசிக்கு என்ட புள்ளைட கழுத்தில அட்டியல் கிடக்கணும். இந்தக் கார் ஓடி அத மீட்டுத் தரணும். தரல்லையோ, கூரைத் துணியக் கிழிச்சு உங்களுக்குச் சட்டை தைப்பன்.”

“தரும் புள்ள.”

“கடதாசியில என்ன எழுதின?”

“என்ட பேர்தான்.”

கச்சி முகம்மது பதினைந்து நாள் வந்து ஓட்டப் பழக்கினார். எல்லாம் சரியாக வந்தது, நிறுத்துவது மட்டும் வரவில்லை. பிரேக்கை மிதிக்க வேண்டிய இடத்தில் நல்லரத்தினம் ஸ்டியரிங் வட்டைப் பிடித்து இழுத்து, “ஓ... ஓ... நில்லு மகன்!” என்பார்.

“இது மாடில்ல மச்சான்! காலால மிதிங்க, காலால!”

“மாட்டக் காலால மிதிக்கலாமா கச்சி?”

“அல்லாஹ்வே! இது மாடில்ல!”

சித்திரையில் லைசன் வந்தது. ஆரையம்பதியிலிருந்து பட்டினத்துக்கு ஆளுக்குப் பதினைந்து சதம். ஐந்து பேர் இருக்க வேண்டிய காரில் எட்டுப் பேர் இருந்தார்கள். கோழி வந்தது, தயிர்ச்சட்டி வந்தது, ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு பெண் பாலத்தில் பிள்ளை பெறாமல் தப்பியது நல்லரத்தினத்தின் வேகத்தால் என்று ஊரே சொன்னது. உண்மையில் அன்றைக்கும் அவருக்கு நிறுத்த வரவில்லை.

ஓடிய காசு ஒவ்வொரு மாலையும் சீதேவிப்பிள்ளையின் கையில் வந்து சேரும். மாதம் பிறந்ததும் முப்பதை எண்ணிக் கணவனிடம் கொடுப்பாள். அவர் பாலத்தடியில் கச்சி முகம்மதுவிடம் கொடுப்பார். ஏழு மாதம் ஒன்றும் பிசகவில்லை.

கார்த்திகையில் மழை தொடங்கியது. வாவி எழும்பித் தெருவுக்கு வந்தது. காரை ஓட்ட முடியாமல் மாட்டுக் கொட்டிலில் விட்டார்கள். மாடுகள் அதை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு நின்றன. கார்த்திகை முப்பது ரூபா போகவில்லை. மார்கழி முப்பதும் போகவில்லை.

தை பிறந்து நாலாம் நாள் கச்சி முகம்மது சைக்கிளில் வந்து வேலிப் படலையடியில் நின்றார். உள்ளே வரவில்லை.

“தங்கச்சி, முதலாளி நாளைக்கு வாறார். சாரதி ஒருவனையும் கூட்டிக்கிட்டு.”

“சாரதி என்னத்துக்கு?”

“ரெண்டு மாசம் பிந்தினா கார் திரும்பணும் தங்கச்சி. கடதாசியில அப்பிடித்தான் ஈக்கி.”

“அப்ப ஏழு மாசம் கட்டின காசு?”

“போன மாதிரித்தான்.”

“என்ட அட்டியல்?”

கச்சி முகம்மது சைக்கிள் மணியைத் தடவிக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை கொழும்பு முதலாளி சாரதியோடும் கச்சி முகம்மதுவோடும் வந்தார். வெள்ளைக் கோட்டு, குடை, சேற்றுக்குப் பயந்து கையில் பிடித்த சப்பாத்து. வந்ததும் வளவைப் பார்த்தார். தென்னைகளை எண்ணினார்.

“முப்பத்தாறு. சரியா இருக்கு,” என்றார் திருப்தியாக.

“இருங்க முதலாளி. இளநி வெட்டச் சொல்லுறன்,” என்றாள் சீதேவிப்பிள்ளை.

“இளநி எல்லாம் வேணாம்மா. அறுபது ரூபா இருந்தா குடுங்க. இல்லேன்னா காரை எடுத்துக்கறேன்.”

“மழையில கார் ஓடல்ல. ஓடாத காருக்கு எங்கால காசு? ஒரு ரெண்டு மாசம் பொறுங்க.”

“எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. நான் பொறுத்தா என் கடைய யாரு பொறுப்பா? காரையும் எடுப்பேன், மிச்சக் காசுக்கு வீட்டு மேலயும் கேஸ் போடுவேன். வீடு ஈடு வச்சிருக்குல்ல?”

கொட்டிலுக்குள்ளிருந்து நல்லரத்தினத்தின் இருமல் கேட்டது.

“எந்த வீடு?” என்றாள் சீதேவிப்பிள்ளை.

“இந்த வீடுதான்.”

“கடதாசியத் தாங்க.”

“உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?”

“மிஷன் பள்ளிக்குடத்தில அஞ்சாம் வகுப்பு. தாங்க.”

அவள் வாசலில் நின்றபடியே உரக்க வாசித்தாள். “வினாயகமூர்த்தி மகன் நல்லரத்தினம் ஆகிய நான்... எனக்குச் சொந்தமான ஓட்டு வீடும், கிணறும், முப்பத்தாறு தென்னை மரங்களும்...” அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. குசினிக்குள் அடுப்படியில் நின்ற கண்ணகையும் சிரித்தாள்.

“என்னம்மா சிரிக்கிறீங்க?”

“இவர் இந்த வீட்டுக்குக் கலியாணத்தண்டு வரக்குள்ள ரெண்டு வேட்டியும் ஒரு சீப்பும் கொண்டு வந்தார், முதலாளி. அந்தச் சீப்புலயும் நாலு பல்லில்ல.”

“புரியல.”

“வீடு என்ட. எனக்கு என்ட அம்மா எழுதித் தந்த. அம்மாவுக்கு அவட அம்மா. வைகாசியில கண்ணகைக்கு எழுதுவன். நானும் இவரும் பின்வளவில ஒரு கொட்டில் போட்டுக்கிட்டு இரிப்பம். இந்தப் பக்கத்தில ஆம்புளைக்கு ஏது வீடு?”

முதலாளி கொட்டிலைப் பார்த்துச் சத்தம் போட்டார். “நல்லரத்தினம்! வெளிய வாங்க! பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டீங்களா?”

நல்லரத்தினம் வந்தார். முகத்தில் குற்றமே இல்லை.

“பொய் இல்ல முதலாளி. வீடு இருக்கா எண்டு கேட்டீங்க. இரிக்குத்தானே? நான் இருவது வருசமா இதுக்குள்ளதானே படுக்கன்!”

முதலாளி கச்சி முகம்மது பக்கம் திரும்பினார். “ஏம்ப்பா, உனக்குத் தெரியுமா இது?”

“இது தெரியாம ஆரு ஈக்கா, முதலாளி?”

“சொல்லவே இல்லையே!”

“நீங்க கேக்கல்லையே. கொழும்பிலயும் இப்பிடித்தான் எண்டு நெனச்சன்.”

“கார் எடுத்த கல்லடி உசனார் வீடு?”

“அது பொண்டாட்டி சபீனாட.”

“அழகரத்தினம் வீடு?”

“பொண்சாதிட.”

“கனகசிங்கம்?”

“அவர் இன்னும் கலியாணமே முடிக்கல்ல. இருக்கிறது தாய்ட ஊடு. நாளைக்குத் தங்கச்சிக்குப் போகும்.”

முதலாளியின் குரல் மெல்லியதாகியது. “நீயும் ஒரு கார் எடுத்தியே. உன் வீடு?”

கச்சி முகம்மது தலையைச் சொறிந்தார். “அது கைறுன்னிஸாட ஊடு, முதலாளி.”

தவணைக்குக் கொடுத்த பதினொரு கார், ஈடாக எழுதிய பதினொரு வீடு. கொழும்பு முதலாளி வாசல்படியில் அமர்ந்தார். சப்பாத்து கையிலிருந்து சேற்றில் விழுந்தது.

“அந்த இளநி...” என்றார்.

கண்ணகை கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடித்ததும் அவருக்குத் தெம்பு வந்தது. “சரிம்மா. வீடு உங்களுது. கார் என்னுது. டிரைவர், காரை எடுப்பா.”

சாரதி கொட்டிலுக்குப் போனான். சீதேவிப்பிள்ளையின் கை வெறும் கழுத்துக்குப் போனது. அட்டியல் கிடந்த இடத்தை ஒருமுறை தடவிவிட்டு, சிரிப்பை விட்டுப் பேசினாள்.

“எடுங்க, தடுக்கல்ல. ஆனா முதலாளி, இந்த மழைக்குள்ள ஆரு அத வாங்குவான்? கொண்டுபோய்க் கொட்டகையில நிப்பாட்டுவீங்க. இஞ்ச மாட்டோட நிக்கிறது அங்க எலியோட நிக்கும். எனக்கு மூணு ஏக்கர் வயல் இரிக்கு. மாசிக் கடைசியில வெட்டு. பிந்தின அறுபதுக்கும் நெல்லாத் தாறன். வட்டி எண்டு ஒரு மூடை கூட.”

“வயலும் உங்களுதா?”

“ஓம். சீதனம்.”

“அப்போ இவருக்கு என்னதாம்மா இருக்கு?”

“நானிரிக்கன்,” என்றாள்.

நல்லரத்தினம் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார்.

முதலாளி சிரிக்காமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை. “உங்க நெல்லு வரும்னு நம்பறேம்மா. மத்தப் பத்துப் பேர்? நாலு பேர் பிந்திட்டாங்க. அவங்களுக்கு மழை மட்டும் காரணமில்ல.”

“காச ஆருட்ட வாங்குறீங்க?”

“கச்சி முகம்மது பாலத்தடியில நின்னு வாங்குவான்.”

“பாலத்துக்கு வாற வழியில கள்ளுத் தவறணை இரிக்கு. முப்பது இருவத்தஞ்சாகி வரும். மறுகா அஞ்சுக்கு வெக்கப்பட்டு ஆளே வரமாட்டான். வீட்டுக்கு வரச் சொல்லுங்க. பொண்சாதிமாரிட்ட கேக்கச் சொல்லுங்க. வீட்டைக் கேட்ட நீங்க வீட்டுக்காரியைக் கேக்கல்லையே!”

கச்சி முகம்மது பலமாகத் தலையாட்டினார். “மெய்தான் முதலாளி. என்ட காசும் கைறுன்னிஸாட கையிலதான் ஈக்கி.”

“அப்ப நீ ஏன் ரெண்டு மாசம் கட்டல?”

“நீங்க அவட்டக் கேக்கல்லையே.”

புதுக் கடதாசி அங்கேயே எழுதப்பட்டது. கார் சீதேவிப்பிள்ளையின் பெயரில். வீட்டைப் பற்றிய வரியை அவளே வெட்டினாள்.

“ஈடுன்னு ஒண்ணு எழுதணுமேம்மா,” என்றார் முதலாளி.

“இவர எழுதுங்க.”

“புள்ள!” என்றார் நல்லரத்தினம்.

“பயப்படாதீங்க. ஆரும் எடுக்க வரமாட்டான்.”

மாசி கழிய நெல் போனது. தெரு காய்ந்தது. கார் மறுபடி ஓடியது. கோழி வந்தது, தயிர்ச்சட்டி வந்தது. பாலத்தடி நோட்டீசின் கீழே ஒரு புது வரி வந்திருந்தது: “கார் எடுக்க வருவோர் மனைவியைக் கூட்டி வரவும்.” அந்த வரி வந்த பிறகு முதலாளி கொடுத்த கார்கள் குறைவு, பிந்திய தவணையும் குறைவு.

வைகாசியில் கண்ணகைக்குக் கல்யாணம் நடந்தது. அட்டியல் அவள் கழுத்தில் கிடந்தது, மூன்று நாளைக்கு முன்தான் ஈட்டுக்கடையிலிருந்து வந்தது. மாப்பிள்ளையை அவர் வீட்டிலிருந்து ஏற்றிவந்தது அந்தக் கார்தான். ஓட்டியவர் நல்லரத்தினம். பின்னால் மாப்பிள்ளையின் மடியில் ஒரு சின்னத் தகரப்பெட்டி.

“பெட்டிக்குள்ள என்ன மருமகன்?”

“ரெண்டு வேட்டி, மாமா.”

“சீப்பு?”

“அதுவும் இரிக்கு.”

“பல்லெல்லாம் இரிக்கா?”

“என்ன மாமா?”

“ஒண்டுமில்ல.” வாசல் வந்தது. நல்லரத்தினம் வட்டைப் பிடித்து இழுத்து, “ஓ... ஓ... நில்லு மகன்!” என்றார். கார் பந்தல் காலைத் தொட்டுக்கொண்டு நின்றது.

இறங்கிய மாப்பிள்ளை காரைத் திரும்பிப் பார்த்து ஆசையோடு கேட்டார். “மாமி, எனக்கும் இத ஓட்டப் பழக்குவீங்களா?”

ஆரத்தித் தட்டோடு நின்ற சீதேவிப்பிள்ளை சொன்னாள்:

“பழகலாம் மகன். பிரேக்க மட்டும் கச்சி முகம்மதுட்டப் பழகு. மறுகா, எங்கயும் கையெழுத்து வைக்கச் சொன்னா, கண்ணகையைக் கேட்டுட்டு வை.”