அரக்கனுக்குப் பெண் பார்த்தது

என் கோடாலி வீரன் சண்டமாருதனுக்கு உயிர்ப்புள்ளி ஒன்றே ஒன்றுதான் மிச்சம். நாலு வருஷமாக நான் காகிதத்தில் வளர்த்த பிள்ளை. எதிரே அரக்கன். அடுத்த முறை அவனுடையது. அடித்தால் சண்டமாருதன் காலி.

அரக்கனை ஆட்டிவைப்பவர் ஈப்போ பல் டாக்டர் ரதீசன். வயது நாற்பத்தொன்று, கல்யாணம் ஆகவில்லை. ஞாயிறுதோறும் அவர் கிளினிக் மாடியில்தான், ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி ஆடும் எங்கள் பகடை விளையாட்டு. நான் சுங்கை சிப்புட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்துவிடுவேன். சண்டையில் அவரவர் முறை வந்தால்தான் கை ஓங்கலாம். முறை மீறி அடிக்க ஒரே வழிதான்: பக்கத்தில் நிற்கும் எதிரி விலகி ஓடினால், ஓசியாக ஒரு வெட்டு. ஆனால் பேச்சுக்கு முறை கிடையாது. சட்டப்புத்தகத்திலேயே இருக்கிறது.

ரதீசன் பகடையைக் குலுக்கினார்.

"கொஞ்சம் இருங்க," என்றேன். "அரக்கன்கிட்ட ஒண்ணு கேக்கணும். தம்பி, உனக்கு வயசு என்ன?"

ரதீசன் அரக்கன் குரலில், "முந்நூறு!" என்று உறுமினார்.

"முந்நூறா? இன்னும் கல்யாணம் ஆகலையா?"

குலுக்கல் நின்றது. "அங்கிள், சண்டை நடக்குது லா."

மருத்துவச்சியாக ஆடும் புஷ்பராணி டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்தார். "மாயாண்டி அண்ணே கேக்குறது நியாயம்தானே? கோப்பெங்ல ஒரு அரக்கி இருக்கா. நல்ல குடும்பம். கவர்ன்மென்ட் வேலை."

"உயரம் கம்மி," என்றேன். "பதினோரு அடிதான்."

"அதெல்லாம் பாத்தா முடியுமா? இவனுக்கும்தான் முடி கொட்டுது."

ரதீசன் தலையைத் தடவிக்கொண்டார். "அரக்கனுக்கு இப்ப கல்யாணத்துல இஷ்டம் இல்ல, ஆன்ட்டி."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. ஜாதகம் இருக்கா? அம்மா நம்பர் குடு, நான் பேசுறேன்."

"அம்மாவா?" அரக்கன் குரல் போய்ச் சொந்தக் குரல் வந்துவிட்டது. "அரக்கனுக்கு அவசர வேலை இருக்கு. குகைக்குப் போறான்!" என்று சொல்லிவிட்டு ரதீசனே எழுந்து படியிறங்கினார்.

அரக்கன் விலகி ஓடிவிட்டான். சட்டப்படி எனக்கு ஒரு வெட்டு. உருட்டினேன். இருபது. அந்தப் பகடையில் அதற்கு மேல் எண் கிடையாது.

படியிலிருந்து "ஐயோ!" என்று சத்தம்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு ரதீசன் மெல்ல ஏறி வந்து உட்கார்ந்தார். படி வழுக்கிவிட்டதாம். படி காய்ந்துதான் இருந்தது.

"அரக்கன் செத்துட்டான்," என்று முனகினார்.

சண்டமாருதன் பிழைத்தான். நான் மைலோவைக் குடித்து முடித்தேன்.

புஷ்பராணி டீச்சருக்குத்தான் மனசு ஆறவில்லை. "அவசரப்பட்டு வெட்டிட்டீங்களே அண்ணே," என்றார். "கோப்பெங்ல நான் இப்ப என்ன பதில் சொல்றது?"