பதினாலு வோல்ட்

செத்துப்போனவளின் மூச்சு மெஷினைக் கேட்டு மச்சான் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டார்.

"மாப்ள, அந்த மெஷின் சும்மாதானே கிடக்கு?"

அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். காலரை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

"எனக்கும் டாக்டர் எழுதிக் குடுத்துட்டாரு. தூங்கும்போது மூச்சு நின்னு நின்னு வருதாம். என் குறட்டை தாங்காம என் பொண்டாட்டி அடுத்த ரூமுக்கே குடிபோயிட்டா. வீட்டுலயே ஒண்ணு இருக்கும்போது கடைக்கு எதுக்குப் போகணும்னு பார்த்தேன்."

"எடுத்துக்குங்க."

"வருத்தம் ஒண்ணும் இல்லையே?"

"இல்ல மச்சான். நானே துடைச்சுத் தரேன்."

மச்சான் என்றால் அவன் மனைவியின் அண்ணன். கேரவன் வாடகைக்கு விடுகிறவர். காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு போகிற சக்கர வீடு அது. கட்டில், அடுப்பு, கழுவுகிற தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும். அவர் பட்டறை வாசலில் அப்படி ஏழெட்டு நிற்கும். அத்தனைக்கும் ஒயர் இழுத்தது அவர் கைதான். அதில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை.

போன வருஷம் கல்யாண நாளுக்கு அதில் ஒன்றை அவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார். அவன் மனைவிக்கு நெஞ்சுத் தசையில் பலம் கிடையாது. உட்கார்ந்திருக்கும்வரை பேசுவாள், சிரிப்பாள், சண்டைக்குக் குறைவே வைக்கமாட்டாள். படுத்தால் மட்டும் மெஷின் வேண்டும். "கேரவன் பேட்டரி தாங்குமா மச்சான்?" என்று அவன் அன்றைக்கே கேட்டான். அவர் அவன் முதுகில் தட்டினார். "பகல் பூரா ஓட்டப்போற. ஓடுற வண்டியோட ஆல்டர்னேட்டர் சும்மாவா இருக்கும்? உன் கார்லேர்ந்து கரண்ட் பின்னாடி போய்க்கிட்டே இருக்கும். போய்ச் சேரும்போது ஃபுல்லா இருக்கும்."

பகல் பூரா ஓட்டினான். ஏரிக்கரையில் நிறுத்தினான். இரண்டு பேரும் படுத்தார்கள். அந்த மெஷினுக்கு உள்ளே பேட்டரி கிடையாது. கரண்ட் போனால் கத்தாது, கூப்பிடாது, நின்றுவிடும். அவன் விழித்தபோது விடிந்திருந்தது. மெஷின் சத்தம் இல்லை. அவள் சத்தமும் இல்லை.

சாவு வீட்டில் மச்சான் ஒவ்வொருவர் காதிலும் போய்ச் சொன்னார். "கேரவன்ல இருக்கற ஃப்ரிட்ஜை ஆன்லயே விட்டுட்டான். அது பேட்டரியை உறிஞ்சிடுச்சு. படிச்சவன்தான், என்ன செய்யறது, கவனம் இல்ல." அன்றோடு மாமியார் அவனிடம் பேசுவதை நிறுத்தினாள். அவனும் அதை நம்பினான். ஃப்ரிட்ஜ் சுவிட்சில் தன் விரல் பட்டதா இல்லையா என்று யோசித்தே பல வாரம் ஓட்டினான். சாப்பிடும்போது அந்த விரலைப் பார்ப்பான்.

அவனுக்கு வேலை குடிநீர் அலுவலகத்தில். எந்தத் தெருவுக்கு எத்தனை அங்குலக் குழாய் என்று வரைகிற வேலை. ஒருநாள் மச்சான் இல்லாத நேரம் பட்டறைக்குப் போய் அந்தக் கேரவனின் அடிமூடியைக் கழற்றிப் பார்த்தான். காரிலிருந்து பேட்டரிக்கு வருகிற ஒயர், பின்விளக்குக்குப் போடுகிற ஒயர். தீக்குச்சி கனம். கார் முனையிலிருந்து பேட்டரி வரை அந்தத் தீக்குச்சிதான்.

அவனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நீளமான ஒல்லிக் குழாய். கடைசிக் குழாயை மூடி வைத்துக்கொண்டு அளந்தால் அழுத்தம் முழுசாகக் காட்டும். திறந்தால் சொட்டும். காரை ஓடவிட்டு பேட்டரிப் பக்கத்து முனையில் மீட்டரை வைத்தான். பதினாலு வோல்ட். அதே முனையில் ஒரு ஹெட்லைட் பல்பை மாட்டினான். முள் சரிந்து பன்னிரண்டில் போய் உட்கார்ந்தது. பன்னிரண்டில் எந்தப் பேட்டரியும் ஏறாது. ஃப்ரிட்ஜ் ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி.

மச்சானிடம் போய்ச் சொன்னான். அவர் சிரித்தார். ஒன்றையும் மாட்டாமல் மீட்டரை வைத்துக் காட்டினார். "பாரு, பதினாலு. மீட்டர் பொய் சொல்லுமா? பைப்பு வரையறவன் எனக்குக் கரண்ட் சொல்லித் தரியா? பண்ணதை ஒத்துக்க மாப்ள. பாரம் குறையும்."

அவன் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டான். அதற்கப்புறம் மச்சான் எல்லாக் கேரவனிலிருந்தும் ஃப்ரிட்ஜைப் பிடுங்கிவிட்டு அலமாரி வைத்தார். வாடகைக்கு வருகிறவர்களிடம், "என் தங்கச்சி உசுரைக் குடிச்சது ஃப்ரிட்ஜ்தான்" என்று சொல்லிக் கண் கலங்குவார். ஒயரை மாற்றவில்லை.

இப்போது அவரே வந்து மெஷினைக் கேட்கிறார். துடைத்துக் கொடுப்பதற்குள் அவனுக்குச் செய்யவேண்டியதெல்லாம் வரிசையாகத் தெரிந்துவிட்டது.

"அம்மா அந்த ஏரியைப் பார்க்கணும்னு பிடிவாதமா இருக்கா," என்றார் மச்சான். "கேரவனை இழுக்க என் வண்டி வாடகைக்குப் போயிருக்கு. உன் கார்ல கொக்கி அப்படியேதானே இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு. அதே கேரவனையே எடுத்துக்கலாம்."

கிளம்புவதற்கு முன்னால் மெஷின் விற்கிற கடைக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டான். மச்சானுக்கு இருக்கிற வியாதியில் மெஷின் நடுத்தூக்கத்தில் நின்றால் என்ன ஆகும்? "திணறி எழுந்துக்குவார் சார். கொஞ்ச நேரம் பயந்துடுவார். அவ்வளவுதான், உயிருக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்கள். அவனுக்கு லேசாக ஏமாற்றம். பரவாயில்லை என்று இருந்தது.

காலையில் பட்டறை. கேரவன் பேட்டரி பல மாதமாகச் சும்மா நின்று பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. மாமியார் அலமாரியில் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழட்டும் என்றே அவன் சத்தமாகக் கேட்டான்.

"மச்சான், கிளம்பறதை மத்தியானத்துக்குத் தள்ளிக்கலாமா? பட்டறை கரண்ட்ல போட்டு பேட்டரியை ஏத்திட்டுப் போயிடலாம்."

"எதுக்கு? புது பேட்டரி. பகல் பூரா ஓடப்போறோம், தானா ஏறும்." காரை ஓடவிட்டு, ஒயரின் முனையில் மீட்டரை வைத்து அம்மாவைக் கூப்பிட்டார். "பாரும்மா, பதினாலு. உன் மாப்பிள்ளைக்கு இன்னும் சந்தேகம்."

"சந்தேகமா? எனக்கா?" என்றான் அவன். "நீங்க சொன்னா சரி."

அவர் மாட்டேன் என்று சொல்லவேண்டும் என்றுதான் கேட்டான். சொல்லிவிட்டார்.

வழியெல்லாம் மச்சான் முன் சீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தார். மாமியார் பின் சீட்டில். அவள் மகனிடம் சொல்வாள், மகன் அவனிடம் சொல்வார்.

"மாப்ள, அம்மா ஜன்னலைச் சாத்தச் சொல்றாங்க."

"கேட்டுச்சு மச்சான்."

"மெதுவா ஓட்டச் சொல்றாங்க."

"அதுவும் கேட்டுச்சு."

"நடுவுல என்னை வெச்சுத் தந்தி அடிக்கறீங்கடா ரெண்டு பேரும்," என்று அவரே சிரித்துக்கொண்டார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

வெயில் சாயத் தொடங்கும்போது ஏரி வந்தது. மாமியார் மகனிடம், "எந்த இடம்டா?" என்று கேட்டாள். மகனுக்குத் தெரியாது. அவன் கையைக் காட்டினான். அவள் அங்கே மடக்கு நாற்காலியைப் போட்டுத் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

மச்சானுக்குச் சாப்பிட்டால் படுத்தாக வேண்டும். மூக்கில் முகமூடியை மாட்டிக்கொண்டு கதவு வழியாகத் தலையை நீட்டினார். "எப்படி? போர் விமானம் ஓட்டறவன் மாதிரி இல்ல?"

"அப்படியே இருக்கீங்க. நல்லாத் தூங்குங்க."

அவன் கேரவன் படியில் உட்கார்ந்தான். உள்ளே மெஷின் இழுத்து விட ஆரம்பித்தது. அவளுக்குப் பிறகு அந்தச் சத்தத்தை அவன் கேட்கவே இல்லை. எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. போகவில்லை. மச்சானின் பெரிய உடம்பு அதோடு சேர்ந்து ஏறி இறங்கியது, கேரவனே லேசாக ஆடியது. நிழல் நகர்ந்து அவன் முழங்காலுக்கு வந்தது.

சத்தம் நின்றது.

கதவு அவன் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. திரும்பி ஒரு தட்டுத் தட்டினால் போதும். அவன் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டான். உள்ளே ஒரு குறட்டை கிளம்பி நடுவில் அறுந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு உள்ளே ஏதோ உருண்டு விழுந்தது. கட்டிலை உதைக்கிற சத்தம். அவன் படியைவிட்டு விலகி நின்றான். கதவை இடித்துத் தள்ளிக்கொண்டு மச்சான் மண்ணில் வந்து மண்டியிட்டார். முகமூடி கழுத்தில் தொங்கியது. வாய் திறந்து திறந்து மூடியது, பேச்சு வரவில்லை. முகம் கன்றிப்போயிருந்தது.

"ஐயோ, என்னடா? என்னடா ஆச்சு?" மாமியார் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்து அவர் முதுகைத் தடவினாள்.

மூச்சு வந்ததும் மச்சான் சொன்ன முதல் வார்த்தை: "ஃப்ரிட்ஜை... ஃப்ரிட்ஜை எவன் போட்டது?"

மாமியாரின் கை நின்றது. "எந்த ஃப்ரிட்ஜ்டா?"

மச்சான் அவளைப் பார்த்தார்.

"அங்க பாத்திரம்தானே வெச்சிருக்கேன். நீதானே பிடுங்கிப் போட்ட. எந்த ஃப்ரிட்ஜைச் சொல்ற?"

"பேட்டரி பழசாயிடுச்சு போல."

"புதுசுன்னு காலைலதான் சொன்னீங்க," என்றான் அவன். காரை ஓடவிட்டான். கேரவன் அடியிலிருந்த ஒயரின் முனையைக் கழற்றி மீட்டரையும் அதையும் அவர் கையில் கொடுத்தான். மச்சான் பழக்கதோஷத்தில் வைத்துப் பார்த்தார். பதினாலு. அவர் முகத்தில் கொஞ்சம் தெம்பு வந்தது.

"இப்போ இந்த ஹெட்லைட் பல்பையும் மாட்டுங்க."

"எதுக்கு?"

"மாட்டுடா," என்றாள் மாமியார்.

மாட்டினார். மாமியாருக்கு மீட்டர் பார்க்கத் தெரியாது. அவள் மீட்டரைப் பார்க்கவும் இல்லை. மகன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ அன்னிக்கும் ஏறல," என்றாள்.

"எனக்குத் தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது."

"இவர் வந்து சொன்னாரா உன்கிட்ட?"

மச்சான் மண்ணைப் பார்த்தார். "சொன்னான்."

"சொன்ன அப்புறமும் ஒயரை மாத்தல. எங்கிட்டயும் சொல்லல." அவள் அவர் கழுத்திலிருந்த முகமூடியைப் பிடித்து இழுத்தாள். வார் காதில் மாட்டிக்கொண்டது. விடாமல் இழுத்து எடுத்தாள். அது தன் மகளுடையது இல்லை, புதுசு என்று தெரிந்ததும் கீழே போட்டாள்.

மச்சான் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். "தெரிஞ்சேதான் என்னைப் படுக்க விட்டியா?"

"ஆமா."

"நான் செத்திருந்தா?"

"சாகமாட்டீங்க. விசாரிச்சுட்டுத்தான் வந்தேன்."

மாமியார் அவன் பக்கம் திரும்பினாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் "நீங்க" என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

"அவன் தெரியாமப் பண்ணான். நீ தெரிஞ்சு பண்ணியிருக்க."

"ஆமா அத்தை. அவர் திணறணும். அதுக்காகத்தான் பண்ணேன்."

அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கிற மாதிரி உள்ளே எதுவும் இல்லை. அவன் காரை அணைத்துவிட்டுப் பின்னால் போய் கேரவன் பிளக்கைப் பிடுங்கினான். கேரவனின் முன்பக்கத் தாங்குகாலை இறக்கி நிறுத்தினான். கொக்கியைக் கழற்றினான்.

"எங்களை இங்கேயே விட்டுட்டுப் போகப்போறியா?" மச்சானின் குரல் உடைந்தது.

"போகல. சாவு வீட்டுல யார் யார்கிட்ட ஃப்ரிட்ஜ் கதை சொன்னீங்களோ, அத்தனை பேருக்கும் இப்போ போன் பண்ணுங்க. உங்க ஒயர்தான்னு சொல்லுங்க. நான் வந்து சொன்னதையும், நீங்க சிரிச்சதையும் சேர்த்துச் சொல்லுங்க. எல்லாருக்கும் சொல்லி முடிச்சதும் கொக்கி மாட்டறேன். வாடகைக்குப் போயிருக்கறவங்களுக்கும் சேர்த்து."

"மாப்ள, ஊர்ல தலைகாட்ட முடியாதுடா. தொழிலே போயிடும்."

"எனக்குத் தலைகாட்ட முடிஞ்சுதா?"

மச்சான் அம்மாவைப் பார்த்தார். சின்ன வயசிலிருந்து எதற்கும் அப்படித்தான் பார்ப்பார் போல. அவள் கீழே விழுந்திருந்த நாற்காலியை நிமிர்த்தி அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

முதலில் தன் மனைவிக்குப் பண்ணினார். அந்தப் பக்கம் கத்துகிற சத்தம் ஏரி வரை கேட்டது. அடுத்து வாடகைக்குப் போயிருந்தவர். "பேட்டரியை நம்பாதீங்க, கரண்ட் இருக்கற இடமாப் பார்த்து நிறுத்துங்க" என்று முணுமுணுத்துவிட்டு வைத்தார். வியர்த்திருந்தது. போனை மடியில் வைத்துக்கொண்டு, "போதுமா?" என்றார்.

"பெரியப்பாவுக்குப் பண்ணு," என்றாள் மாமியார். "அவர்தான் வீடு வீடாப் போய்ச் சொன்னவர்."

மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டார் என்று மச்சான் வைக்கப் போனார்.

"வைக்காதீங்க," என்றான் அவன். கார் கதவைத் திறந்து ஓட்டும் சீட்டில் ஒருகாலை வெளியே போட்டு உட்கார்ந்திருந்தான். "ஸ்பீக்கர்ல போடுங்க. எனக்குக் கேட்கணும்."