நூற்று முப்பத்தாறாம் பக்கம்

அந்தப் புத்தகம் அச்சாகி வந்தபோது அதில் தொண்ணூற்றாறு பக்கங்கள் இருந்தன. ஏழுநிலா அதை முப்பத்தொன்பதாவது முறையாகப் படித்து முடித்தபோது நூற்று முப்பத்தைந்து இருந்தன. முழுதாக ஒரு முறை படித்தால் கடைசியில் ஒரு பக்கம் கூடும். யாரும் எழுதிச் சேர்த்ததில்லை. அதே தாள், அதே மை, அதே எழுத்து. பழுப்பேறியதுகூட மற்ற பக்கங்களோடு சேர்ந்தே பழுப்பேறியிருந்தது. பதினான்கு வயதில் பள்ளி நூலகத்திலிருந்து எடுத்துப் படித்துவிட்டு அவள் திருப்பிக் கொடுக்கப் போனாள். பதிவேட்டில் தொண்ணூற்றாறு பக்கம், கையில் இருப்பதில் தொண்ணூற்றேழு. நூலகர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை எண்ணினார். பிறகு, இது நம்ம நூலகத்துப் புத்தகம் இல்லை என்று சொல்லி அவளிடமே கொடுத்துவிட்டார். விதிப்படி அவர் செய்தது சரிதான்.

ஏழுநிலா என்பது அவள் பெற்றோர் வைத்த பெயர் அல்ல. முதல் நாவலில் வானத்தில் ஏழு நிலாக்களைத் தொங்கவிட்டதால் தெருக்காரர்கள் வைத்தது. அதன் பிறகு பத்து நாவல்கள் எழுதினாள். கல்லால் ஆன ராட்சதர்கள், பேசும் மலைகள், நிழலை விற்றுப் பிழைக்கும் அரசர்கள் என்று ஒன்றுக்கும் குறைவைக்கவில்லை. ஆனால் அவள் படிக்கிற புத்தகங்களில் ஒரு குட்டிப் பூதம்கூடக் கிடையாது. பேட்டி எடுக்க வருகிறவர்கள், உங்களுக்குப் பிடித்த புத்தகம் எது என்று கேட்டுவிட்டுப் பேனாவைத் திறந்து காத்திருப்பார்கள். தண்ணீர்ப் பம்பைப் பழுதுபார்க்கும் கையேடு, எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் முறைகள், முகவரி சரியில்லாத கடிதங்களை என்ன செய்வது என்று தபால் ஊழியர்களுக்குச் சொல்லும் விதிப்புத்தகம் என்று அவள் அடுக்குவாள். கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து எல்லோரும் பேனாவை மூடிவிடுவார்கள். அவள் சொன்னது அத்தனையும் நிஜம். அந்தப் புத்தகங்களும் அவள் கையில் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தன. பம்புக் கையேட்டில், பழுது முடியும்வரை வீட்டுக்காரர்களை எப்படிச் சமாதானப்படுத்துவது என்று ஒரு அத்தியாயமே புதிதாக முளைத்திருந்தது. அவள் எழுதிய பதினோரு நாவல்கள் மட்டும் எத்தனை முறை படித்தும் அரைப் பக்கம் வளரவில்லை. அதில் அவளுக்கு வருத்தம் உண்டு, வெளியே சொல்லிக்கொண்டதில்லை.

படிப்பதற்கென்று அவளிடம் சில பிடிவாதங்கள் இருந்தன. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம், மாடிப்படியில் கீழிருந்து நான்காவது படி, முழங்கைவரை கழுவிய கை. உதடு அசையும், சத்தம் வராது. அட்டையில் தொடங்கி அச்சகத்தின் விலாசம், பிழை திருத்தப் பட்டியல் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் படிப்பாள். பத்தொன்பது வயதில் ஒரு முறை மழை வர்ணனை ஒன்றைத் தாவிவிட்டாள். அந்தத் தடவை பக்கம் வளரவில்லை. இன்னொரு வருடம் அவசரப்பட்டு ஒரே மாதத்தில் மூன்று முறை படித்தாள். வளர்ந்த மூன்று பக்கத்திலும் ஒவ்வொரு வரிதான் இருந்தது, மூன்றும் ஒரே வரி. மறுநாள் அந்த மூன்றும் உதிர்ந்துவிட்டன, அந்த மூன்று முறையும் கணக்கில் சேரவில்லை. அதிலிருந்து வருடத்துக்கு ஒரு முறைதான், நிதானமாக.

புத்தகத்தின் கதை சின்னது. படகு ஓட்டிப் பிழைக்கும் ஒருத்தி, சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டு அறுபத்திரண்டாம் பக்கத்தில் ஆற்றைக் கடக்கப் படகேறுகிறாள். மகள் கரையில் காத்திருக்கிறாள். தொண்ணூற்றாறாம் பக்கத்தில் கதை முடிந்துபோகிறது, அம்மா வரவில்லை. ஏழுநிலாவின் அம்மாவும் அவளுடைய பதினோராவது வயதில், பத்து நாளில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வேறு ஊருக்கு வேலைக்குப் போனவள்தான். கடிதமும் இல்லை, தகவலும் இல்லை. அப்போது அக்காவுக்குப் பதினேழு வயது. அக்கா படிப்பை விட்டுவிட்டுத் தையல் மிதித்துத் தங்கையை ஆளாக்கினாள். அம்மாவைப் பற்றிய பேச்சை மட்டும் வீட்டுக்குள் விடவில்லை. ஏழுநிலாவும் கேட்கவில்லை. அவள் புத்தகத்தைப் படித்தாள். வளர்ந்த பக்கங்களில் படகுக்காரி அக்கரையில் இறங்கிப் பாதத்தைத் துடைத்துக்கொண்டாள், ஒரு சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள், நெடுநாள் காய்ச்சலில் கிடந்தாள், வந்த வழியை மறந்தாள். வருடத்துக்கு ஒரு பக்கம் என்றால் காய்ச்சல் மட்டும் நான்கு வருடம். நூற்று முப்பதாம் பக்கத்தில்தான் திரும்பிவரப் படகேறினாள். நூற்று முப்பத்தைந்தில் அவள் நடு ஆற்றில் இருந்தாள்.

அந்த வருடம் ஏழுநிலாவின் கண்ணில் கோளாறு வந்தது. நேர்கோடுகள் நெளிந்தன, படிக்கும் வரியின் நடுவில் ஒரு சாம்பல் திட்டு வந்து உட்கார்ந்துகொண்டது. கண் மருத்துவர் நல்ல மனிதர், சுற்றி வளைக்காமல் சொன்னார். நடமாட்டத்துக்குக் குறைவிருக்காது, ஆட்களைத் தெரியும், ஆனால் எழுத்து இனி இல்லை. நாவல்களைச் சொல்லச் சொல்ல யாராவது எழுதிக்கொள்ளலாம் என்று ஆறுதலும் சொன்னார். அவளுக்கு நாவல்களைப் பற்றிக் கவலையே இல்லை. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நாற்பதாவது முறையாகத் தொடங்கினாள், இருபதாம் பக்கத்தில் வரி கைநழுவிப் போயிற்று. புத்தகம் முழுவதும் மனப்பாடம்தான். கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்துப் பார்த்தாள், ஒன்றும் வளரவில்லை. யாராவது கண்ணால் பார்த்துப் படித்தாக வேண்டும். படிக்காவிட்டால் அந்தப் பெண் நடு ஆற்றிலேயே நிற்பாள். 

கேட்பதற்கு அக்காவைத் தவிர வேறு ஆள் இல்லை. அக்கா அதே வீட்டின் கீழ்த்தளத்தில் தையல் கடை வைத்திருந்தாள். கழுத்தில் எப்போதும் அளவு நாடா, உதட்டில் இரண்டு குண்டூசி. தங்கையின் பதினோரு நாவல்களுக்கும் அளவெடுத்துத் துணியுறை தைத்துக் கொடுத்தவள், ஒன்றையும் திறந்து பார்த்ததில்லை. ராட்சதர்களைப் பற்றித் தெரிந்துகொண்டு நான் என்ன செய்யப்போகிறேன் என்பாள். புத்தகம் வளர்வது அவளுக்கும் தெரியும். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, வளரும் பிள்ளைகளுக்கு மடித்து வைத்துத் தைப்பதுபோல அந்தப் புத்தகத்தின் உறையிலும் கொஞ்சம் துணி விட்டே தைத்திருந்தாள். படித்துக் காட்டச் சொன்னதும் முதலில் முடியாது என்றாள். இரண்டு நாள் தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு, மிஷினுக்கு எண்ணெய் போட்டு ஊறவிடும் மதிய நேரத்தில் கொஞ்சம் படிக்கிறேன் என்று ஒத்துக்கொண்டாள்.

அக்கா படித்த விதத்தை ரசிக்க முடியாது. பார்டருக்கு அளவு சொல்வதுபோல ஒரே குரலில் படித்தாள். நிறுத்திய இடத்தில் துணியில் குறி போடும் சாக்பீஸால் கோடு கிழித்தாள். அச்சகத்தின் விலாசத்தை எல்லாம் எவளாவது படிப்பாளா என்று அலுத்துக்கொண்டே அதையும் படித்தாள். ஒன்பது மதியங்களில் முடிந்தது. பத்தாம் நாள் காலையில் புரட்டிப் பார்த்தார்கள். நூற்று முப்பத்தைந்துதான் இருந்தது. ஏழுநிலா புத்தகத்தை மூடி உறைக்குள் போட்டாள். அக்கா இதெல்லாம் நமக்கு ஆகாத வேலை என்று எழுந்து கடைக்குப் போய்விட்டாள். அன்று ஒரு வாடிக்கையாளரின் சட்டைக்குக் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்தாள். மறுநாள் ஒரே கால்சட்டைக்கு இரண்டு இடது கால் வெட்டினாள். நாற்பத்திரண்டு வருடத்தில் அப்படி நடந்ததில்லை. மூன்றாம் நாள் மதியம் மிஷினை மூடிவிட்டு வந்து நான்காம் படியில் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அறுபத்து மூணாம் பக்கத்த நான் படிக்கல. ரெண்டு தாளச் சேத்துப் புரட்டிட்டேன்."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"எனக்குத்தான் முழுசும் மனப்பாடமாச்சே. உனக்கு அது முடியலன்னு புரிஞ்சுது. அதான் விட்டுட்டேன்."

அறுபத்து மூன்றாம் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான். படகு கரையை விட்டு நகர்கிறது. கோபத்தில் இருக்கும் மகள், போ, நீ வரவே வேண்டாம் என்று கத்திவிட்டுத் திரும்பி நிற்கிறாள். அக்கா நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். பிறகு, அம்மா பள்ளிக்கூடத்தை நிறுத்தச் சொன்ன கோபத்தில் தானும் அவள் கிளம்பிய அன்று அதையே சொன்னதாகச் சொன்னாள். பேருந்து கிளம்பும்போது, ஜன்னலைப் பார்த்து, ஒரு வார்த்தை மாறாமல். நீ அப்போ பொம்மைக்குச் சட்டை போட்டுக்கிட்டு இருந்த, உனக்குத் தெரியாது என்றாள். "நான் சொன்னதாலதான் அவ வரல. இத்தன வருஷமா எனக்கு அது மட்டுந்தான் தெரியும்."

ஏழுநிலா பதினோரு நாவல்களில் எத்தனையோ சாபங்களை எழுதியிருக்கிறாள், எல்லாவற்றுக்கும் கடைசி அத்தியாயத்தில் விமோசனமும் எழுதியிருக்கிறாள். கீழ்வீட்டில் அக்கா ஒரு சாபத்தைச் சுமந்துகொண்டு மிஷின் மிதித்தது அவளுக்குத் தெரியவில்லை. அது அவளுக்கு மிகவும் வலித்தது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள், ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள். புத்தகம் கிடக்கட்டும், இனி படிக்க வேண்டாம் என்றாள். மனதாரத்தான் சொன்னாள். அக்கா கையை உருவிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள். அவளை நடு ஆத்துல விட்டுட்டு நான் எப்படிச் சோறு திங்கறது என்று கேட்டுவிட்டு அட்டையிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.

இந்த முறை பதினோரு மதியங்கள் பிடித்தன. அவற்றில் இரண்டு அறுபத்து மூன்றாம் பக்கத்துக்கே போயின. முதல் நாள் பாதி பக்கத்தில் குரல் நின்றுவிட்டது. மறுநாள் மேலிருந்து தொடங்கி, அந்த வரியைத் தன் சொந்த வரியைப்போலச் சொல்லிக் கடந்தாள். அதன் பிறகு அவள் குரலில் அளவு சொல்லும் தொனி இல்லை. காய்ச்சல் பக்கங்களில் இடையிடையே நிறுத்தி, கஞ்சி யாரும் கொடுக்கலையா என்று விசாரித்தாள். பன்னிரண்டாம் நாள் காலையில் நூற்று முப்பத்தாறாம் பக்கம் இருந்தது. ஏழுநிலாவுக்கு அது வெள்ளையும் சாம்பலுமாகத்தான் தெரிந்தது. அக்கா ஜன்னலோரம் கொண்டுபோய்ப் படித்தாள்.

அதை அக்காவின் பக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். முந்தைய பக்கங்கள் தண்ணீரையும் வெளிச்சத்தையும் பற்றிச் சொன்னவை. இது, படகுக்காரி உடையின் கீழ்மடிப்பு நான்கு விரல் அகலத்துக்கு நனைந்திருந்ததையும், அதன் இடது கையில் ஒரு பொத்தான் வேறு நிற நூலால் தைக்கப்பட்டிருந்ததையும் சொன்னது. படகு கரையைத் தொட்டது. மகளுக்குத் தலை நரைத்திருந்தது. நான் அன்றைக்கு அப்படிச் சொல்லிவிட்டேனே என்று மகள் ஆரம்பித்தாள். அம்மாவுக்குப் புரியவில்லை. அன்றைக்கு ஆற்றில் எதிர்க்காற்று, நீ ஏதோ சொன்னாய், ஒன்றும் காதில் விழவில்லை, பத்திரமாகப் போய்வா என்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன் என்றாள். பக்கம் அங்கே முடிந்தது. அக்கா அதை இரண்டாம் முறை வாய்விட்டுப் படிக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். ஏழுநிலாவும் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டாள். அன்று கடை திறக்கவில்லை என்பது தெருவில் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

கரையேறியதோடு புத்தகம் நின்றுவிடும் என்று ஏழுநிலா நினைத்திருந்தாள். ஒரு நாவலாசிரியையாக அவளுக்கு அது நல்ல முடிவாகத்தான் பட்டது, யாராவது கேட்டிருந்தால் அங்கேயே முற்றும் போடச் சொல்லியிருப்பாள். மறுநாள் மதியம் அக்கா சொல்லாமலே படியேறி வந்து, முழங்கைவரை ஈரமாக இருந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நேற்றுத்தானே முடித்தோம், அடுத்த வருடம் படித்தால் போதாதா என்று தங்கை கேட்டாள்.

"அதெப்படி? அவ்வளவு தூரம் துடுப்புப் போட்டு வந்தவ சாப்பிட்டாளா இல்லையான்னு தெரிய வேண்டாமா?"

நிதானமாகவே படித்ததால் பக்கம் உதிரவில்லை. அவள் சாப்பிட்டாளா என்று தெரிய பத்து மதியங்கள் ஆயின. சாப்பிட்டிருந்தாள். போதும் போதும் என்று சொல்லிவிட்டு, மகளிடம் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தாள்.