ஆணிக்கும் கத்துகிற மிஷின்

கல்பெப்பரில் ஒருவனிடம் எத்தனையாவது கல்யாணம் என்றுகூடக் கேட்டுவிடலாம், எந்த வயலில் தோண்டுகிறாய் என்று மட்டும் கேட்கக் கூடாது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரண்டு படைகளும் மாறி மாறி முகாம் போட்ட மண். தோட்டா, பித்தளைப் பட்டன், பெல்ட் கொக்கி என்று தேடிக்கொண்டு ஊரில் பாதி ஆண்கள் காதில் ஹெட்போனோடு அலைகிறார்கள். ஒருவன் வாய் தவறித் தன் இடத்தைச் சொன்னால், மறுநாள் அங்கே ஒரு கூட்டமே மண்வெட்டியோடு நிற்கும். அதனால் ஹார்லன் யோவெலின் கடையில் சுவர் முழுக்க மெட்டல் டிடெக்டர் தொங்கினாலும், வருகிறவர்களிடம் அவர் இடத்தைக் கேட்பதில்லை. அதை ஒரு மரியாதையாக வைத்திருந்தார்.

அந்த மரியாதைதான் வெர்லீன் காஸ்கின்ஸைக் கவிழ்த்தது.

வெர்லீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். வெள்ளிக்கிழமை கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டு நேரே கடைக்கு வந்தாள்.

"அட, மிஸ் வெர்லீன்! உங்களுக்கும் இந்தப் பைத்தியம் பிடிச்சிருச்சா?" என்றார் ஹார்லன்.

"ரெண்டு நாளைக்கு ஒரு மிஷின் வாடகைக்கு வேணும். பழைய சாமான் தேடணும். பித்தளை."

"எங்கேன்னு கேக்க மாட்டேன். பித்தளைன்னா இதுதான். இரும்புன்னா வாயே திறக்காது. ஆணி, வேலிக்கம்பி, லாடம் எல்லாத்தையும் முழுங்கிட்டு, பித்தளைக்கும் ஈயத்துக்கும் மட்டும் பாடும். என் பொண்டாட்டியவிட இதுக்குக் காது நல்லா கேக்கும்."

"உங்க பொண்டாட்டிக்கு எல்லாம் கேக்குது. கண்டுக்கறதில்ல, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அவள் மிஷினை வாங்கிக்கொண்டாள். சிரிக்கிற நிலையில் அவள் இல்லை. கல்லறை என்று சொன்னால் விடிவதற்குள் எவனாவது மண்வெட்டியோடு போய்விடுவான் என்று பயந்து வாயைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

ஆற்றுக்கு மேலே இருக்கும் மேட்டில் டேட்டா சென்டர் வரப்போகிறது. திங்கட்கிழமை காலை புல்டோசர் ஏறும். அந்த மேட்டில்தான், அவளுக்கு ஐந்து தலைமுறை முந்திய பாட்டி கெசாயா, அடிமையாகவே செத்து, புதைக்கப்பட்டாள். கழுத்தில் கயிற்றில் கோத்த ஒரு பித்தளைப் பட்டனோடு புதைத்தார்கள் என்பது வீட்டில் வழிவழியாக வரும் பேச்சு. சர்வேயர் வந்து பார்த்துவிட்டு, கல் எதுவும் இல்லை, ஆகவே கல்லறை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அடிமைக்குக் கல் வைக்க எவன் விட்டான்? படித்த மனிதருக்கு இது தோன்றவில்லை.

வேலையிடத்துச் சூப்பர்வைசர் மட்டும் கொஞ்சம் இறங்கி வந்தார். "கதைய நம்பி என்னால வேலைய நிறுத்த முடியாதும்மா. தோண்டாதீங்க, அது குத்தம். ஆனா மண்ணுக்குள்ள ஆள் இருக்குன்னு ஏதாவது ஒரு அடையாளம் காட்டுங்க, நானே நிறுத்தறேன்" என்றார். சாகக் கிடந்தபோது அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கெசாயாவை விட்டுடாதே என்று சொல்லியிருந்தாள். வெர்லீனும் தலையை ஆட்டியிருந்தாள்.

சனிக்கிழமை முழுக்க அவள் மேட்டில் நடந்தாள். தம்பி ருடெல் கூட வந்தான். இவள் மிஷினின் அடித்தட்டைத் தரையோடு தரையாக வீசிக்கொண்டு போக, அவன் பன்றிக்கறி வைத்த பன்னைத் தின்றுகொண்டே பின்னால் வந்தான்.

"அக்கா, மிஷின ஆன் பண்ணியிருக்கியா?"

"வாயில இருக்கறத முழுங்கிட்டுப் பேசு."

"இல்ல, காலையிலேருந்து மூச்சுகூட விடல. நம்ம பாஸ்டர் பிரசங்கத்துல நீ தூங்கற மாதிரியே தூங்குது."

வெயில் சாய்ந்தது. மிஷின் ஒரே ஒரு தடவை பாடியது. எவனோ குடித்துப் போட்ட பீர் டப்பாவின் மூடி. வெர்லீன் ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் புல்லில் உட்கார்ந்தாள். சரிவின் கீழே மஞ்சள் புல்டோசர்கள் வரிசையாக நின்றன. ஒருவேளை சர்வேயர் சொன்னதுதான் சரியோ, ஒருவேளை வீட்டில் எல்லோரும் இத்தனை காலம் வெறும் புல்லுக்குத்தான் பூ வைத்தார்களோ என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. ருடெல் அதற்குப் பிறகு ஜோக் அடிக்கவில்லை.

கடை மூடுகிற நேரத்தில் மிஷினைக் கொண்டுபோய் மேஜைமேல் போட்டாள்.

"உங்க மிஷின் செவிடு."

"மெதுவா, மிஸ் வெர்லீன், மெதுவா. அது செவிடில்ல. இடம் சரியில்லாம இருக்கும்."

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "ஆத்து மேடு" என்று சொல்லிவிட்டாள். "டேட்டா சென்டர் வர்ற இடம்."

ஹார்லன் உதட்டைப் பிதுக்கினார். "அடப் பாவமே, அங்கயா? என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. நாங்க எல்லாரும் அந்த மேட்ட எப்பவோ சலிச்சு எடுத்தாச்சு. பித்தளைன்னு ஒண்ணு இருந்திருந்தா எவன் ஜேப்புக்கோ போயிருக்கும். இப்ப அங்க இருக்கறது ஆணிதான். மேடு பூரா ஆணி. ஏதோ தானியக் கொட்டகை எரிஞ்ச இடம்போல. தொல்லை தாங்காம இரும்புக்கு மிஷின் காதை மூடி வெச்சிட்டுத்தான் எல்லாரும் நடப்போம்."

வெர்லீன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆணியா?"

"ஆணிதான். துருப்பிடிச்ச ஆணி. எதுக்கும் ஆகாது."

"சவப்பெட்டிய எதை வெச்சு அடிப்பாங்க, மிஸ்டர் யோவெல்?"

அவர் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். முகம் கறுத்துப்போயிற்று. அந்த மேட்டில் எத்தனை வருஷம் காதை மூடிக்கொண்டு நடந்திருக்கிறோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

"எங்க ஆளுங்க அங்க படுத்திருக்காங்க" என்றாள் வெர்லீன். "எனக்கு ஆணிக்குக் கத்தற மிஷின் வேணும்."

அவர் உள்ளே போய்த் தூசி படிந்த ஒன்றைத் தூக்கி வந்தார். மோட்டார் கார் பேட்டரி கணக்காகக் கனத்தது. "இதை யாரும் தொடறதில்ல. இதுக்குத் தங்கமும் ஒண்ணு, தகரமும் ஒண்ணு, எல்லாத்துக்கும் கத்தும். ஆனா நம்ம செம்மண்ணப் பாத்து இரும்புன்னு ஏமாறாது, ஆழமாவும் கேக்கும். வாடகையெல்லாம் வேண்டாம்." பிறகு தரையைப் பார்த்தபடி, "கொட்டகைன்னா ஆணி சிதறிக் கிடக்கும். நீங்க... நீங்க போய்ப் பாருங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் தம்பியும் சர்ச்சுக்குப் போகவில்லை. சர்ச் சமையலறைக்கு மட்டும் போய், விருந்துக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் ஸ்பூன்களை அள்ளிக்கொண்டு வந்தார்கள். அடையாளத்துக்குக் கம்பி நட்டால் அதற்கும் மிஷின் கத்துமே.

மேட்டில் கால் வைத்துக் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, மிஷின் கத்தியது. வெர்லீன் நின்றுவிட்டாள். ருடெல் ஸ்பூனை நட்டான். ஒரு அடி தள்ளி மறுபடி கத்தியது. அதற்கு ஒன்று. கத்துகிற இடத்திலெல்லாம் நட்டுக்கொண்டே போய், தள்ளி நின்று பார்த்தபோது, ஸ்பூன் வரிசையில் ஆள் நீளத்துக்கு ஒரு பெட்டி வடிவம் தெரிந்தது. சர்ச் முறைப்படி புதைக்கிற மாதிரியே கிழக்கு மேற்காக, நேர்க்கோடாக.

"அக்கா" என்றான் ருடெல்.

"தெரியுது. ஃபோன் பண்ணு சூப்பர்வைசருக்கு."

சூப்பர்வைசர் வருவதற்குள் இன்னும் இரண்டு பெட்டிகள் தெரிந்தன. அவர் ஸ்பூன்களுக்கு வெளியே நின்றே பார்த்தார், உள்ளே கால் வைக்கவில்லை. தள்ளிப்போய் யாரிடமோ ஃபோனில் சத்தம் போட்டுவிட்டு வந்தார். "நாளைக்கு எதுவும் ஏறாது. நான் பொறுப்பு. போதும்மா, வீட்டுக்குப் போங்க."

ஜெயித்துவிட்டாள். ஆனாலும் மேட்டில் பாதி பாக்கி இருந்தது, வேலி எங்கே போடுவது என்று தெரிய வேண்டாமா? மறுபடி தூக்கி மாட்டிக்கொண்டு நடந்தாள்.

அடுத்த பெட்டி சிறியது. மண்டியிட்டுக் கையை விரித்தால் தலைப்பக்கமும் கால்பக்கமும் தொட்டுவிடலாம். அதற்குப் பக்கத்தில் அதைவிடச் சிறியது. அதற்கும் பக்கத்தில் ஒன்று. வீட்டில் இவர்களைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு கெசாயாவைத் தேடித்தான் அவள் வந்திருந்தாள். தினமும் காலையில் பேருந்துப் படியில் அவள் கைகொடுத்து ஏற்றிவிடுகிற உயரம்தான் இருக்கும் ஒவ்வொன்றும்.

நேற்று முழுக்க ஒரு சத்தம் வராதா என்று ஏங்கியவள், இப்போது கண்ணீர் வழிய, "போதும், போதும், நிறுத்திக்கோ" என்று மிஷினிடம் கெஞ்சிக்கொண்டே நடந்தாள். அது நிறுத்தவில்லை.

"அக்கா" என்று பின்னாலிருந்து ருடெல் கூப்பிட்டான். "ஸ்பூன் தீந்துபோச்சு."