பூப்பெட்டிக்குள் ஐந்து டிகிரி

சுகாதார நிலையத்தின் பின்னறையில் நர்சம்மா சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். ஏதோ குறைந்தது. உப்பல்ல, சத்தம்.

மூலையில் கிழட்டுப் பூனை மாதிரி எப்போதும் உறுமிக்கொண்டிருக்கும் குளிர்ப்பெட்டி மூச்சுப் பேச்சில்லாமல் நின்றது.

டப்பா மூடப்பட்டது. குளிர்ப்பெட்டிக்குள் இருந்தது நாளைய முகாமுக்கான தடுப்பூசி மருந்து. வெப்பமானியின் முள் ஆறு டிகிரியில் நின்றது. எட்டைத் தாண்டினால் மருந்து கெட ஆரம்பிக்கும். ஐஸ் பொட்டலங்களைக் காலையில்தான் உறைய வைத்திருந்தாள். எடுத்துப் பார்த்தால், இன்னும் தண்ணீராகவே குலுங்கின.

மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். "நாளைக்குத்தாம்மா."

தலைமைக் கிடங்கைக் கூப்பிட்டாள். "இங்க ஸ்டாக் இல்லம்மா. அடுத்த மாசம்."

அடுத்த மாசம்! நாளை வரப்போகிறவர்கள் செங்கல் சூளைக்காரர்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கைக்குழந்தையோடு வருவார்கள். வீடு வீடாகப் போய்க் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்ததே நர்சம்மாதான். 'மருந்து கெட்டுப்போச்சு, போய்ட்டு வாங்க' என்றால் இன்னொரு நாள் கூலியை யார் விடுவார்கள்? ஊசி போடாத பிள்ளை நோயில் விழுந்தால் அம்மா வேலைக்குப் போக முடியாது. அப்புறம் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

மருந்துக் குப்பிகளையும் வெப்பமானியையும் கைப்பெட்டிக்கு மாற்றி மேஜையில் வைத்தாள். மறுபடி கிடங்கோடு சண்டை போட்டுவிட்டுத் திரும்பினாள்.

மேஜை காலி!

வாசலுக்கு ஓடினாள். பக்கத்துக் கடை ஐஸ்க்ரீம்காரர் தன் ராட்சத ஃப்ரீசரின் மூடியைத் தூக்கியபடி நின்றார். மறு கையில் மருந்துப்பெட்டி. உதவி என்றால் கேட்கும் முன்பே செய்துவிடுகிற மனிதர். அவரிடம் இருக்கும் ஒரே ஆபத்து அதுதான்.

"அய்யோ, வைக்காதீங்க!"

"ஏம்மா கத்தறே? சூடாகக் கூடாது, அதானே? இதுல யானையை வெச்சாலும் விறைச்சுப் போகும்!"

"அதுதான் பயம்! உறைஞ்சா இதுல பாதி மருந்து செத்துரும். அப்புறம் ஊசி போட்டாலும் ஒண்ணுதான், தண்ணியைப் போட்டாலும் ஒண்ணுதான்."

ஐஸ்க்ரீம்காரர் பெட்டியைப் புதிதாய்ப் பிறந்த குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "சூடும் ஆகாது, குளிரும் ஆகாது. இது மருந்தா, வீட்டு மாப்பிள்ளையா?" யோசித்தார். "அப்போ பூக்கடைதான்."

நர்சம்மாவின் முகம் சுண்டியது.

எதிர்வரிசைப் பூக்கடையில் கண்ணாடிக் கதவு போட்ட குளிர்ப்பெட்டி இருந்தது. உறைய வைக்காத, பதமான குளிர். ஆனால் கடைக்காரி அவளுடைய நாத்தனார். வீட்டுக்காரரின் அக்கா. இருவருக்கும் பேச்சுவார்த்தை அறுந்து வெகு நாளாயிற்று. கடை திறப்பு விழாவன்று நர்சம்மா வாளித் தண்ணீரை எட்டிப் பார்த்து, "அண்ணி, கொசுப்புழு!" என்று விருந்தாளிகள் நடுவில் அலறி, வாளியை அங்கேயே கவிழ்த்துவிட்டாள். தண்ணீர் ஓடியது நாத்தனாரின் புதுச்செருப்பின் மேல்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். "நீங்க உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை…"

"நான் ரொம்ப முக்கியமான மீட்டிங்ல இருக்கேன்மா." பின்னணியில் டி.வி.யில் யாரோ கோல் போட்டார்கள்.

முள் ஏழைத் தொட்டது.

பூக்கடையில் நாத்தனார் ரோஜாத் தண்டுகளைச் சீவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். பார்வை ஐஸ்க்ரீம்காரர் மேல் மட்டும் விழுந்தது.

"வாங்கண்ணே. கூட யாரோ வந்திருக்காங்க போல. வாளி எதையாவது கவுக்கணுமான்னு கேளுங்க."

"அண்ணே, கண்ணாடிப் பெட்டியில இடம் வேணும்னு சொல்லுங்க," என்றாள் நர்சம்மா. "புள்ளைங்களோட தடுப்பூசி மருந்து."

ஐஸ்க்ரீம்காரர் தொண்டையைச் செருமினார். "இடம் வேணுமாம்."

"காதுல விழுந்துச்சு."

"விழுந்துச்சாம்."

"உள்ளே இருக்கறது ஹோட்டல் ஆர்டர். நாளைக்குப் போகணும். வெளியே எடுத்தா விரிஞ்சு வீணாப்போகும்னு சொல்லுங்க."

"விரிஞ்சுருமாம்." அவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "முள்ளும் ஏழைத் தாண்டிருச்சாம். இதை யாரும் சொல்லலை, நானே சொல்றேன்!"

நர்சம்மா பதில் சொல்ல வாயெடுத்தாள். அவள் கண் பின்கட்டுக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது.

திறந்த கதவுக்கு அப்பால், சுவரோரமாக, காலி வாளிகள். ஒன்றுவிடாமல் தலைகீழாகக் கவிழ்ந்து, சொட்டு ஈரமில்லாமல்.

"அண்ணி!" நேராகவே கேட்டுவிட்டாள். "வாளியெல்லாம் கவுத்து வெச்சிருக்கீங்க?"

நாத்தனாரின் கத்தி நின்றது. "அது… காயட்டும்னு."

"தினமுமா?"

"தினமும்தான்!" என்றார் ஐஸ்க்ரீம்காரர் உற்சாகமாக. "கவுத்து, தேய்ச்சு, வெயில்ல வெச்சு. செருப்பு நனைஞ்ச மறுநாள்லேர்ந்தே!"

"உங்களை யாரு கேட்டா?" நாத்தனார் சீறினாள். ஆனால் உதட்டோரம் காட்டிக்கொடுத்தது. நர்சம்மா சிரித்தேவிட்டாள்.

"பல்லைக் காட்டினது போதும். எந்தப் புள்ளைங்களுக்கு மருந்து?"

"சூளைப் புள்ளைங்க அண்ணி. நாளைக்கு விட்டா இனிமே வரமாட்டாங்க."

நாத்தனார் கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். பூக்களைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"பார்த்துட்டு நின்னா? புடி!"

லில்லி வெளியே வந்தது. கார்னேஷன் வந்தது. ரோஜாக்கள் கட்டுக்கட்டாக வந்தன. ஆனால் காலியான பெட்டியின் எண்பலகையில் ஒன்பது!

"பூவுக்கு ஒன்பது போதும்," என்று குளிரைக் கூட்டும் குமிழைத் திருகினாள் நாத்தனார். "இறங்கும். கதவைத் திறக்காம இருந்தா."

இப்போது இரண்டு எண்கள். ஒன்று இறங்க வேண்டும். இன்னொன்று ஏறக் கூடாது. மூன்று தலைகள் இங்கும் அங்கும் திரும்பின. பெட்டி எட்டுக்கு வந்தது. முள் எட்டை நோக்கி ஒரு மயிரிழை நகர்ந்தது. பெட்டி ஏழு. ஐஸ்க்ரீம்காரர் வாயைப் பொத்திக்கொண்டார், மூச்சுக் காற்றில் மருந்து சுட்டுவிடும் என்பதுபோல.

ஆறு.

"இப்ப!" என்றாள் நர்சம்மா. கதவு திறந்தது. குப்பிகளும் வெப்பமானியும் உள்ளே போயின. கதவு மூடியது.

முள் தயங்கியது. பிறகு மெல்ல, மிக மெல்ல, பின்வாங்கியது.

ஐஸ்க்ரீம்காரர் ஐஸ் பொட்டலங்களைத் தன் ஃப்ரீசருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அதையாவது உறைய வைக்கலாமே!

வாளிகள் நிமிர்ந்தன. ரோஜாக்கள் தெருவில் வீடு வீடாகக் குளியலறைகளுக்குக் குடிபோயின. அன்று மாலை அந்தத் தெருவில் யாரும் நிம்மதியாகக் குளிக்கவில்லை. நர்சம்மா வீட்டுக்கு மட்டும் நான்கு வாளி. 'மீட்டிங்' முடித்த வீட்டுக்காரர் முகம் கழுவப் போய், லில்லிப் பூவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பினார்.

காலையில் வெப்பமானி ஐந்து காட்டியது. நர்சம்மா அதற்கு முத்தம் கொடுத்ததை யாரும் பார்க்கவில்லை என்று அவள் நம்பினாள்.

சூளைக்காரர்கள் வந்தார்கள். வரிசை தெருமுனைவரை நீண்டது. ஐஸ்க்ரீம்காரர் ஒவ்வொரு ஐஸ் பொட்டலத்தையும் காதருகே குலுக்கி, "உள்ளே தண்ணி சலசலக்கணும். கல்லா இருந்தா மருந்து உறைஞ்சுரும், தெரியுமில்ல?" என்று வந்தவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தார். நேற்றுவரை அவருக்கே தெரியாது.

ரோஜாக்கள் இரவோடிரவாக அகல விரிந்துவிட்டன. விடிவதற்குள் சந்தைக்குப் போய்ப் புதுப்பூ வாங்கி ஹோட்டலுக்கு அனுப்பிவிட்டு, விரிந்த பூக்களைக் கூடையோடு முகாமுக்குக் கொண்டுவந்திருந்தாள் நாத்தனார். ஊசி போட்ட பிள்ளைக்கு ஒரு பூ. ஒரு பொடியன் ஊசி போடாத கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை அழுதான். அவனுக்கு இரண்டு.

கடைசிக் குழந்தையும் வீறிட்டு ஓய்ந்தது. மருந்துப்பெட்டியில் மிச்சம் ஏதுமில்லை. நர்சம்மா நாற்காலியில் சாய்ந்து, நேற்று மூடிய டப்பாவை நினைத்துக்கொண்டாள்.

"ஏய்!" கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி நாத்தனார் குரல் கொடுத்தாள். "உங்க வீட்டு நாலு வாளியையும் கவுத்தியா இல்லியா?"

நர்சம்மா விழித்தாள். "மறந்துட்டேன் அண்ணி…"

"கொசு வந்துரும்டி! வா, நானே வந்து கவுக்கறேன்."

போகிற வழியில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள் நர்சம்மா.