குரங்கு கடித்த லைன்

ரூட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தால் எனக்குக் கோபம் தலைக்கேறும். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவன். அந்தக் குரலிலேயே நெட் கம்பெனிக்குப் போன் போட்டுச் சத்தம் போடுவேன். ஒரே மகன் முத்துச்செல்வம் ராணுவத்தில், வடக்கே எல்லையில் இருந்தான். மலையிலிருந்து முகாமுக்கு இறங்கும் ஞாயிற்றுக்கிழமைதான் அவனுக்கு நெட் கிடைக்கும். வீடியோவில் கூப்பிடுவான். எங்கள் குற்றாலத்து வீடு மலையடியில் இருப்பதால் செல்போனில் பேச்சு கேட்கும், படம் வராது. ஃபைபர் லைனைத்தான் நம்பியிருந்தோம். அது சரியாக அந்த நேரத்தில் போய்விடும். "யம்மா, சாப்..." என்று வாயைத் திறந்தபடி அவன் திரையில் நின்றுவிடுவான்.

ரூட்டரை அணைத்துப் போட்டேன், இடம் மாற்றினேன், புதிதே வாங்கினேன். ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் மேலகரத்திலிருந்து லைன் பார்க்கும் ரிஃபாத் வந்தார். மாடிக்குப் போனவர் அங்கிருந்தே கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, ரூட்டரு மேல ஒரு குத்தமும் இல்ல. கொரங்கு வயரக் கடிச்சு வச்சிருக்கு. இங்கன யாரு பழம் வைக்கது?"

என் மனைவி முப்பிடாதிதான். மகன் நல்லபடியாகத் திரும்பும் வரை தினமும் காலையில் மாடியில் குரங்குகளுக்குப் பழம் வைப்பதாக அனுமாருக்கு நேர்ந்திருந்தாள். தின்றுவிட்டு அவை சும்மா போகுமா? வயரில் ஊஞ்சலாடும், கடித்துப் பார்க்கும்.

"பழத்த வேற எங்கயாச்சும் வையேன்," என்றேன்.

"நேந்த எடத்த மாத்தப்படாது."

"வயரக் குழாய்க்குள்ள விட்டாலும் பிச்சிரும், யக்கா," என்றார் ரிஃபாத்.

அவர் காட்டிய கடிபட்ட வயரை அவள் வாங்கிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "பேச்சு நடுவுல அவன் மொகம் அப்படியே நின்னு போவுதுல்லா, அது எனக்கு என்னமோ பண்ணுது. பழத்த நிறுத்திருதேன். அனுமாரு கோவிக்க மாட்டாரு."

ரிஃபாத் புது வயர் இழுத்தார். குரங்குகள் சில நாள் வந்து வெறும் கைப்பிடிச் சுவரைத் தடவிப் பார்த்தன, பிறகு வரவில்லை. அந்த ஞாயிறு மகன் அறுபடாமல் பேசினான். "மெலிஞ்சிட்டியேலே, திரும்பு, கழுத்தக் காட்டு," என்று இவள் அதட்ட, அவன் சிரித்துக்கொண்டே திரும்பிக் காட்டினான். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

அடுத்த ஞாயிறு பச்சை விளக்கு சீராக எரிந்தது. அழைப்பு வரவில்லை. மாலையில் என் செல்போனில் ஓர் அதிகாரி பேசினார். மழையில் மலை சரிந்து, வண்டியோடு அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டதாம். எனக்குத் தெரிந்த கொஞ்சம் இந்தியே அதைப் புரிந்துகொள்ளப் போதுமாக இருந்தது.

அங்கே மண் சரிந்ததற்கும் இங்கே குரங்குக்கும் என்ன சம்பந்தம்? அவளிடம் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன், கோபமாகக்கூட. "நாந்தான நிறுத்துனேன்" என்பதைத் தவிர அவள் ஒன்றும் சொல்வதில்லை.

காரியம் முடிந்த மறுநாள் காலையில் பழச்சீப்போடு மாடியேறினாள். இனி யாருக்காக என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. குரங்குகள் திரும்ப வந்தன. ரூட்டரில் சிவப்பு விளக்கு எரிகிறது.

நேற்று ரிஃபாத் போன் செய்தார். "அண்ணாச்சி, ஒங்க லைன் கட்டுன்னு காட்டுது. வந்து பாக்கட்டா?"

"வேண்டாம் தம்பி," என்றேன். "கெடக்கட்டும். எங்களக் கூப்பிட இனி ஆளில்ல."